பணத்தாளில் இருக்கிறது... காட்டில் எங்கே?

பசிபிக் பெருங்கடலில் இருக்கும் குட்டித் தீவு நாடு, சமோவா. அதன் தேசியப் பறவை ‘மனுமேயா’ என்ற காட்டுப்புறா. அந்நாட்டு 20 தாலா பணத்தாளில் இதன் படம் உண்டு. ஆனால், நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலர்தான்!

உலகில் வேறெங்கும் இந்தப் புறா கிடையாது. அழிந்துபோன டோடோ பறவைக்கு இது சொந்தம். ‘டிடன்குலஸ்’ என்ற இதன் அறிவியல் பெயருக்கே ‘குட்டி டோடோ’ என்றுதான் அர்த்தம். வளைந்த தடித்த அலகு. கீழ் அலகில் பல் போன்ற வெட்டுகள். மழைக்காட்டு மரங்களின் விதைகளை அறுத்துத் தின்பதற்கான ஏற்பாடு அது.

மனுமேயாவைக் குறிவைத்துச் சுடுபவர்கள் குறைவு. மற்ற புறாக்களை வேட்டையாடும்போது இதுவும் சிக்கிப் பலியாகிறது. கூடவே காடழிப்பு, புயல், மனிதர்களோடு தீவுக்கு வந்த எலி, பூனைகள்...

2014-ல் ‘மிக அருகிய இனம்’ என அறிவிக்கப்பட்டது. வளர்ந்த பறவைகள் 250-க்கும் குறைவு என்பது மதிப்பீடு. எந்த உயிரியல் பூங்காவிலும் ஒன்றுகூட இல்லை. காட்டில் தொலைந்தால், மிஞ்சுவது பணத்தாளில் உள்ள படம் மட்டுமே!