காப்பகச் சேர்க்கையும் காத்திருக்கும் மானியமும்

ஆஸ்திரேலியாவில் குழந்தையைக் காப்பகத்தில் விடும் பெற்றோருக்கு அரசு தரும் மானியம் அவர்கள் கைக்கு வருவதில்லை. 2018 ஜூலை 2 முதல் நடப்பில் இருக்கும் ‘சைல்ட் கேர் சப்சிடி’ திட்டத்தில் பணம் நேரே காப்பகத்துக்குப் போகிறது. காப்பகம் அதைக் கட்டணத்தில் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் பெற்றோரிடம் வாங்குகிறது. அந்தப் பணம் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது குழந்தையின் பெயருக்கு எதிரே அரசுக் கணினியில் தெரியும் சேர்க்கை நிலைதான். பெற்றோரும் காப்பகமும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன கட்டணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். காப்பகம் அதைச் சேர்க்கை அறிவிப்பாக அரசுக்கு அனுப்புகிறது. பிறகு பெற்றோர் ‘மைகவ்’ என்ற அரசு இணையக் கணக்கு வழியாக, நலத்தொகைகளைக் கவனிக்கும் சென்டர்லிங்க் பக்கத்துக்குள் போய், விவரம் சரி என்று உறுதிசெய்ய வேண்டும். அதுவரை சேர்க்கை ‘பெற்றோரின் உறுதிக்குக் காத்திருக்கிறது’ என்ற நிலையில் நிற்கும். விவரம் தவறு என்று பெற்றோர் சொன்னால் அது தகராறுக்குரிய சேர்க்கை ஆகிவிடும். தொடர்ந்து 14 வாரம் குழந்தை வராவிட்டால் சேர்க்கை தானாகவே முடிந்துபோகும்.

கேட்பதற்கு இது அலுவலக நடைமுறை போலத் தோன்றும். குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் கனம் தெரியும். பத்து மணி நேர நாளுக்கு 130 டாலர் கட்டணம், 80 சதவீத மானியம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் சரிக்கட்டுவதற்காக அரசு பிடித்துவைக்கும் சிறு பங்கை விட்டுவிட்டால், வாரம் மூன்று நாளுக்குப் பெற்றோர் தருவது 78 டாலர். மானியம் நின்றால் அதே மூன்று நாளுக்கு 390 டாலர். இரண்டு வாரம் இழுத்தால் 156 டாலர் கட்ட வேண்டிய குடும்பம் 780 டாலர் கட்ட நேரிடும். பின்னால் மானியம் வந்து சேர்ந்தாலும், அந்த இரண்டு வார வாடகையையும் மளிகையையும் அது திருப்பித் தராது. மணிக்கூலிக்குப் போகும் தாய்க்கு இந்த இடைவெளி கடனாகவே விடியும்.

என் வாதம் இதுதான்: குழந்தை காப்பகத்துக்கு வருகிறது என்பதற்கு வலுவான சான்று ஏற்கெனவே இருக்கும்போது, பெற்றோர் திரையில் ஒரு பொத்தானை அழுத்தவில்லை என்பதற்காக மானியத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தினமும் குழந்தையை விடும்போதும் அழைத்துப்போகும்போதும் நேரத்தோடு பதிவு செய்யப்படுகிறது. காப்பகம் வாராவாரம் வருகை விவரத்தை அரசுக்கு அனுப்புகிறது. அதே உண்மையை வேறொரு வாசலில் மறுபடியும் சொல்லச் சொல்லி, சொல்லாவிட்டால் தண்டிப்பது நியாயமில்லை. இதில் அதிகம் அடிபடுபவர்கள் ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்கள், இரவு ஷிஃப்டில் இருப்பவர்கள், கடவுச்சொல் மறந்து கணக்கு பூட்டிக்கொண்டவர்கள். 14 வார விதியையும் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ அம்மம்மாவோ பாட்டியோ வந்து நாலு மாதம் தங்கினால் குழந்தை வீட்டிலேயே இருக்கும். ஒரு நிதியாண்டில் 42 நாள் விடுப்புக்கு மானியம் உண்டு என்பது மட்டும் தெரிந்திருக்கும் பெற்றோருக்கு, சேர்க்கையே முடிந்துபோனது குழந்தையை மறுபடி கொண்டுவிடும் காலையில்தான் தெரியவரும். அப்புறம் புது அறிவிப்பு, புது உறுதி, புதுக் காத்திருப்பு.

மோசடியைத் தடுக்கத்தானே இந்த உறுதி என்று கேட்பார்கள். கேள்வி நேர்மையானது. 2018க்கு முன்பு, வீட்டில் வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘ஃபேமிலி டே கேர்’ பிரிவில், வராத குழந்தைகளுக்குக் கணக்குக் காட்டிப் பணம் வாங்கிய வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. ஆனால் அந்த ஏமாற்று நடந்தது காப்பகம் நடத்துவோர் பக்கம். பெற்றோரும் உடந்தை என்றால் பொத்தானையும் அவர்களே அழுத்திவிடுவார்கள், அது எதையும் தடுக்காது. உடந்தை இல்லையென்றால், “உங்கள் குழந்தை இந்த வாரம் இத்தனை நாள் வந்ததாகக் காப்பகம் சொல்கிறது, தவறென்றால் தெரிவியுங்கள்” என்று ஒரு குறுஞ்செய்தி போதும். பேசாமல் இருக்கும் பெற்றோரின் மௌனத்தைக் குற்றமாக்காமல், முறையிடுகிறவரின் சொல்லைக் கேட்கும் ஏற்பாடு அது.

முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு தகுதியில்லை என்று தெரிந்தால், திருப்பி வசூலிப்பது இன்னும் கொடுமை இல்லையா? இதற்கு நெதர்லாந்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. அங்கே காப்பக மானியம் பெற்றோர் கணக்குக்கே போனது. ஒரு சிறு குறைக்காக, தம் பங்குத் தொகையில் கொஞ்சம் கட்டாமல் விட்டதற்காகக்கூட, ஆண்டு முழுவதற்குமான மானியத்தையும் வரித்துறை திருப்பிக் கேட்டது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் கூடுதல் சந்தேகத்துக்கு ஆளானார்கள். பல்லாயிரம் யூரோ கடனில் குடும்பங்கள் சிதறின. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை இதற்காகப் பதவி விலகியது. அங்கே அழிவுக்குக் காரணம் முன்கூட்டிக் கொடுத்தது அல்ல, பிழையின் அளவு பார்க்காமல் முழுவதையும் பறித்தது. ஆகவே ஆஸ்திரேலியா முதல் சில வாரங்களுக்கு வருகைப் பதிவை நம்பி மானியம் தரட்டும். தவறு தெரிந்தால் தவறான அந்தப் பங்கை மட்டும் தவணையில் கழித்துக்கொள்ளட்டும். 14 வாரம் முடியும் முன்பே பெற்றோரையும் காப்பகத்தையும் எச்சரிக்கட்டும். குழந்தை திரும்பி வந்தால் பழைய சேர்க்கையே உயிர்பெறட்டும்.

நிபந்தனையைத் தளர்த்த அரசுக்குத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. எத்தனை மணி நேர மானியம் கிடைக்கும் என்பதைப் பெற்றோரின் வேலை நேரத்தோடு கட்டிவைத்திருந்த விதி வறிய வீட்டுக் குழந்தைகளைக் காப்பகத்துக்கு வெளியே நிறுத்துகிறது என்ற விமர்சனம் நெடுங்காலம் இருந்தது. அந்த விதியைக் கைவிடும்படி 2024இல் அரசுக்கு ஆலோசனை சொல்லும் உற்பத்தித்திறன் ஆணையம் பரிந்துரைத்தது. 2026 ஜனவரி 5 முதல், தகுதியுள்ள குடும்பங்களுக்குப் பெற்றோர் வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இரு வாரத்துக்கு 72 மணி நேரம், அதாவது வாரம் மூன்று நாள் என்ற கணக்கில், மானியம் உண்டு என்று சட்டம் வந்தது. ஆனால் அந்த மூன்று நாளும் இன்னமும் அதே சேர்க்கை நிலையின் வழியாகத்தான் குழந்தைக்குக் கிடைக்க வேண்டியிருக்கிறது.