பட்டணத்தில் படுக்க எந்தப் பேட்டை?

"கெட்டும் பட்டணம் சேர்" என்றது பழமொழி. சேர்ந்த பிறகு எந்தத் தெருவில் சேர்வது என்று சொல்ல மறந்துவிட்டது!

தாயில்பட்டியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் தொழிலாளி ஊர் பார்க்கப் போகிறவரல்ல. தீபாவளிக்கு முன்னால் தீவுத்திடல் பட்டாசுக் கடைகளில் நிற்கப் போகிறார். விபத்து நஷ்டஈட்டுக்காக அலுவலகப் படிகளை ஏறி இறங்கப் போகிறார். மாநாட்டுக்குப் போகிறார். மகனுக்கு வேலை தேடிப் போகிறார். காரணம் எதுவானாலும், பொழுது சாய்ந்ததும் எழும் கேள்வி ஒன்றுதான். இன்றிரவு எங்கே தங்குவது?

சின்னக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள், தோழர்களே! உயிரும் உடைமையும் இதில் இருக்கின்றன. சட்டைப் பையில் இருக்கும் ஒரு மாதக் கூலியும் இருக்கிறது.

மதில் யாருக்குக் காவல்?

"அமைதியான இடமாக, கௌரவமான இடமாகப் பார்த்துத் தங்கு" என்று உபதேசிப்பவர் உண்டு. அமைதியான இடம் எது? உயர்ந்த மதில், இரும்புக் கதவு, "நாய் ஜாக்கிரதை" பலகை. இரவு பத்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் ஒரு டீக்கடை உண்டா? ஒரு சைக்கிள் மணி ஓசை உண்டா? இல்லை. மதில் உள்ளே இருப்பவருக்குக் காவல். நாமோ மதிலுக்கு வெளியே நடப்பவர்கள்! எவனாவது வழிமறித்தால் கூப்பிட ஆளில்லை. போதாக்குறைக்கு, தோளில் பையோடு நடக்கும் நம்மையே அங்கே சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

1961-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் பெருநகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் நகரமைப்புப் பட்டம் பெற்ற நிபுணரல்ல. நியூயார்க் நகரில் தாம் குடியிருந்த ஹட்சன் தெருவைக் கண் திறந்து பார்த்தவர். கடைக்காரர் நிற்கிறார், மாடி ஜன்னலில் ஒரு தாய் நிற்கிறாள், துறைமுகத் தொழிலாளர்கள் நள்ளிரவு வரை வந்து போகிறார்கள். இந்தக் கண்கள்தான் தெருவுக்குக் காவல் என்றார் அவர். ஆள் நடமாட்டம் அற்ற தெருவுக்கு எத்தனை போலீஸ் போட்டாலும் போதாது என்பதே அவர் வாதம்.

இந்த உண்மை நமக்குப் புதிதா? விடியுமுன் பயராபீஸ் வேனுக்காகப் பெண்கள் கூடி நிற்பது எங்கே? டீக்கடை விளக்கு எரியும் முக்கில்தானே! நூல் படிக்காமலே நம் தாய்மார் கண்ட பாதுகாப்பு விதி அது.

பேட்டைகளைப் பார்ப்போம்

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையைப் பார்ப்போம்.

முதலில் கோயம்பேடு. "பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோயம்பேட்டிலேயே ரூம் போடு" என்பது பழைய யோசனை. அது இன்று செல்லாது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்ட பின், தென்மாவட்டப் பேருந்துகள் வண்டலூரைத் தாண்டிய அந்த எல்லையிலேயே நின்றுவிடுகின்றன. நகரத்தின் நடுவுக்கு அங்கிருந்து இன்னொரு பயணம்! நள்ளிரவில் அங்கே இறங்கி, ஆட்டோவுக்குக் கேட்டதைக் கொடுப்பதைவிட, விடியற்காலை போய்ச் சேரும் வண்டியைப் பார்த்து ஏறுவது புத்திசாலித்தனம். சிவகாசி வழியாகச் செல்லும் பொதிகை விரைவு வண்டி இரவில் ஓடிக் காலையில் சேர்க்கிறது. ஓர் இரவு வாடகையும் மிச்சம்.

எழும்பூர் ரயிலடி எதிரே கென்னட் சந்தில் விடுதிகள் நெருக்கமாக இருக்கின்றன. இரவு முழுதும் ஆள் நடமாட்டம் உண்டு. ஆனால் பெட்டியைப் பிடித்து இழுக்கும் தரகர்களும் உண்டு. தரகர் காட்டும் அறையில் தரகரின் கூலியும் நம் வாடகையில் ஏறும். ஓரிரவு தங்கி விடியற்காலை ரயிலேற இது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

பாரிமுனை நம் சரக்கு காலங்காலமாகப் போய் இறங்கிய இடம். பந்தர் தெரு என்றால் நம் ஊரில் தெரியாதவர் யார்? பகலில் தோளோடு தோள் உரசும் கூட்டம். கடைகள் மூடினாலோ, பல சந்துகளில் பூட்டிய கிடங்குக் கதவுகளே மிச்சம். பகல் வேலைக்குப் போகலாம். படுக்கைக்கு யோசிக்க வேண்டும். தியாகராய நகர்க் கடைத்தெருவும் அப்படித்தான். வாங்குவோர் வடிந்ததும் தெருவும் வடிந்துவிடும்.

மிஞ்சுவது திருவல்லிக்கேணி. தனியாக வந்து பிழைக்கும் ஆண்களுக்கென்றே "மேன்ஷன்" என்ற பெயரில் வாடகை அறைகள் நிறைந்த பேட்டை. தென்மாவட்டத்துப் பையன் எவன் சென்னைக்கு வேலை தேடிப் போனாலும் ஒருநாளாவது அங்கே பாய் விரித்திருப்பான். பார்த்தசாரதி கோவிலும் வாலாஜா பள்ளிவாசலும் ஒரே பேட்டையில். மெஸ் சாப்பாடும் பிரியாணியும் அடுத்தடுத்த தெருவில். மெட்ரோவில் எழும்பூரில் ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடை தூரம். ஊர்க்காரர் ஒருவராவது அகப்படுவார். தெருவும் நெடுநேரம் விழித்திருக்கும். அறை சிறிது, தண்ணீர் தட்டுப்பாடு உண்டு, மூட்டைப்பூச்சியும் உண்டு! ஆனாலும் விழித்திருக்கும் தெரு கிடைக்கிறது. நம் வோட்டு திருவல்லிக்கேணிக்கே.

எவருடைய இரவு?

இரவு வாழ்க்கை என்றதும் சிலர் நட்சத்திர ஓட்டலையும் மதுக்குவளையையும் நினைக்கிறார்கள். அது பணப்பை பெருத்தவர் பொழுதுபோக்கு. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு! இதற்காகத்தானே உலகத் தொழிலாளி போராடினான்? அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில்தான் இரவுக் காட்சி சினிமாவும், பொதுக்கூட்டமும், கடற்கரைக் காற்றும் அடங்கியிருக்கின்றன.

திருவல்லிக்கேணிக் கடற்கரை சாதாரண மணலா? 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினக் கூட்டம் நடத்திய மணல் அது! இன்னும் சற்று நடந்தால், தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை. பாறையைப் பெயர்க்கும் நால்வரைப் பாருங்கள். காசு கொடுக்காமல் பார்க்கக் கிடைக்கும் காட்சி அது. டாஸ்மாக் வாசலில் நின்று, மயங்கி, பையைப் பறிகொடுப்பதைவிட மேலான இரவு அல்லவா?

வாசலைப் பார்!

பேட்டை சரியாக இருந்தால் போதுமா? போதாது. தெரு விழித்திருந்தாலும் வீடு பொறியாக இருக்கலாம்.

நெருப்பைப் பற்றி நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்று பயராபீசில் விதி உண்டு. அந்த விதியை முதலாளி மீறினால் என்ன ஆகும்? 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் கண்டோம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் கண்டோம். அதே ஆண்டு ஜூனில், தாயில்பட்டியிலேயே வீட்டில் வைத்திருந்த பட்டாசு வெடித்து, குழந்தை உட்படப் பலி கொடுத்தோம்.

அந்த அறிவைப் பட்டணத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள். 2017 மே 31-ஆம் நாள் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு பல மாடி ஜவுளிக்கடை தீப்பற்றிக் கட்டிடமே சரிந்தது. 2024 செப்டம்பரில் மதுரைக் கட்ராபாளையத்துப் பெண்கள் விடுதியில் விடியற்காலையில் குளிர்சாதனப் பெட்டி வெடித்து, புகையில் இருவர் மாண்டனர். விழித்திருக்கும் தெரு, உறங்குகிறவரைப் புகையிலிருந்து மீட்காது.

ஆகவே அறைக்கு முன்பணம் கட்டுமுன் மூன்றைப் பாருங்கள். இறங்குவதற்கு இரண்டாவது படிக்கட்டு உண்டா? ஜன்னல் திறக்கிறதா, கம்பி போட்டு அடைத்திருக்கிறதா? இரவில் வாசல் கேட்டைப் பூட்டினால் சாவி யாரிடம், அவர் எங்கே படுக்கிறார்? மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால், வாடகை எவ்வளவு குறைவானாலும் அடுத்த வாசலைத் தட்டுங்கள்.

தேர்வு மட்டும் போதுமா?

பட்டாசுத் தொழிலில் பெரும்பங்கு பெண்கள். அவர்களுக்கு மேன்ஷன் உண்டா? இல்லை! வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் "தோழி" விடுதிகள் சில நகரங்களில் எழுந்திருக்கின்றன, நல்ல காரியம். ஆனால் ஓரிரவு, ஈரிரவு தங்க வரும் ஏழைத் தாய்க்கு ரயிலடிக்கும் பெருமருத்துவமனைக்கும் அருகே அப்படி ஓர் இடம் வேண்டாமா?

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் இரவு முழுதும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தது, 2022-இல் நீட்டிக்கப்பட்டது. பெரிய கடைக்கு ஆணை பிறந்தது. தெருமுனையில் டீ ஆற்றும் தனியாளுக்கோ பதினொரு மணிக்கு லத்தி வருகிறது! தெருவின் கண்களைக் குத்திவிட்டு, பிறகு காவல் இல்லையே என்று அங்கலாய்ப்பதா?

தெருவுக்கு விளக்கு, இரவில் பேருந்து, தெருவோரக் கடைக்கு உரிமை, விடுதிக்கு இரண்டாவது படிக்கட்டு. இவற்றைப் பெரிய சலுகை என்று எவரும் சொல்ல முடியாது. பகலெல்லாம் ஊருக்கு வெளிச்சம் செய்து கொடுப்பவன் தாயில்பட்டித் தொழிலாளி. அவன் பட்டணம் போனால், ஓர் இரவு அச்சமின்றி நடந்து, அச்சமின்றி உறங்க வேண்டும். அதைக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!