‘பாஸ்’ஸைப் பிடிப்பது எப்படி?

“தாத்தா, எனக்கு பாஸ் பிடிக்கணும். சொல்லிக் குடுங்க!”

பேரன் இப்படிக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது எனக்கு. முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் ஆபீஸில் குப்பை கொட்டியும், ஒரே ஒரு பாஸைக்கூடக் காக்கா பிடிக்கத் தெரியாமல் கிளார்க்காகவே ரிடையர் ஆனவன் நான். என்னிடம் போய் இந்தப் பத்து வயசுப் பொடியன்...

அப்புறம்தான் புரிந்தது. அவன் சொன்ன பாஸ், மீன்!

டல்லாஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாசம் போயிருந்தபோது நடந்த கதை இது. அமெரிக்காவில் ஏரி, குளம், ஆறு என்று எங்கே பார்த்தாலும் இருக்கிற நன்னீர் மீன், ‘லார்ஜ்மவுத் பாஸ்’. பெயருக்கேற்ற பெரிய வாய். நம்ம ஊர் விரால் மாதிரியே குணம். பாசிக்குள்ளேயும் முழுகிக் கிடக்கும் மரத்தடியிலும் பதுங்கியிருந்து, கிட்டே வந்த தவளை, குட்டி மீன், நண்டு எதுவானாலும் ‘லபக்’!

“அந்தப் பேச்சே வேண்டாம் மாமா!” என்றார் மாப்பிள்ளை. கராஜைத் திறந்து காட்டினார். ஒரு மூலையில் நீளமான தூண்டில் கம்பு, பளபளவென்று ஒரு ரீல். போன வருஷம் நானூறு டாலர் கொடுத்து வாங்கினதாம். முதல் நாளே நரம்பு முழுக்கச் சிக்கு. பையன் அதோடு உட்கார்ந்து அழுதிருக்கிறான். “எனக்கு வராது” என்று சொன்னவன்தான், அப்புறம் அந்தக் கம்பைத் தொடவே இல்லை.

“அதுக்கப்புறம் எதைச் சொன்னாலும் ‘எனக்கு வராது’தான்ப்பா. நீச்சல் வராது, சைக்கிள் வராது. ஃபோனோடதான் குடித்தனம்” என்றாள் மகள்.

பத்து வயசுப் பையன் வாயில் வரக்கூடாத வார்த்தை அது. நான் சின்ன வயசில் தாமிரபரணி வாய்க்காலில் பிடிக்காத கெண்டையா? மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, தக்கைக்கு மயில் இறகுத் தண்டு, தேங்காய்ச் சிரட்டை நிறைய மண்புழு. மொத்தச் செலவு நாலணா! “கிளம்புடா கண்ணா, கடைக்கு!” என்றேன். பழைய கம்பையும் காரில் எடுத்துப் போட்டுக்கொண்டோம்.

பட்டுப்புடவை செக்ஷன்!

கடையா அது? அடேயப்பா! நம்ம ஊரில் கல்யாண சீசனில் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும், அப்படி. புடவைக்குப் பதிலாக மீன் பிடிக்கும் பொம்மைகள். சுவர் சுவராய், கலர் கலராய்த் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, எனக்கு லேசாகத் தலை சுற்றியது.

எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். கடை ஊழியர். எதையும் எடுத்துக் காட்டாமல் முதலில் மூன்று கேள்வி கேட்டார். “யார் பிடிக்கப் போறது? படகிலேயா, கரையிலேயா? தண்ணி எப்படி, தெளிவா, கலங்கலா?”

சொன்னோம். பழைய கம்பை வாங்கிப் பார்த்தார். கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைப் பேரனைப் படிக்கச் சொன்னார். நீளம் ஏழரை அடி. ‘ஹெவி’. போடவேண்டிய இரையின் எடை அரை அவுன்ஸிலிருந்து இரண்டு அவுன்ஸ் வரை.

“நீ என்ன கட்டினே?”

பையன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினான். கால் அவுன்ஸ்கூட இல்லாத குட்டிப் பொம்மை.

பெரியவர் சிரித்தார். “தப்பு உன் மேல இல்லை தம்பி. இதை வச்சுக்கிட்டு நான் எறிஞ்சிருந்தாலும் சிக்குதான் விழுந்திருக்கும்!”

பேரன் தலை நிமிர்ந்தான். அந்த ஒரு வார்த்தைக்கே நானூறு டாலர் கொடுக்கலாம் என்று தோன்றியது எனக்கு. (மாப்பிள்ளை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்!)

கம்பு: வளைவதில் இருக்கு விஷயம்

கம்பு வாங்கும்போது பார்க்கவேண்டியது மூன்று. முதலாவது நீளம். நீளமான கம்பு தூரமாக எறியும். குட்டையான கம்பு சொன்ன பேச்சு கேட்கும். பெரியவர்களுக்கு ஆறரையிலிருந்து ஏழு அடி, பத்து வயசுப் பையனுக்கு ஆறு அடி போதும்.

இரண்டாவது, பலம். லைட், மீடியம், ஹெவி என்று பிரித்திருக்கிறார்கள். அடர்த்தியான பாசிக்குள்ளிருந்து பெரிய மீனை இழுக்க ஹெவி. சாதாரணமாகக் கரையில் நின்று பழக மீடியம்.

மூன்றாவது, வளைவு. கம்பின் நுனி மட்டும் வளைந்தால் ‘ஃபாஸ்ட்’. பாதிக் கம்பே வளைந்தால் ‘மாடரேட்’. நுனி மட்டும் வளையும் கம்பில் மீன் லேசாகத் தொட்டாலே கைக்குத் தெரியும். சுண்டி இழுத்தால் முள் உடனே ஏறும். ஆனால், தண்ணீரில் வேகமாக இழுக்கிற, மும்முள் தொங்கும் பொம்மைகளுக்கு மாடரேட்தான் நல்லது. கம்பு கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் முள் பிய்த்துக்கொள்ளாமல் இருக்கும். குடும்பம் நடத்துகிற மாதிரிதான்!

ரீல்: மூன்று ஜாதி

சிக்கு விழுந்த ரீல், ‘பெய்ட்காஸ்டர்’. எறியும்போது அதில் உருளையே சுழலும். பொம்மை தண்ணீரில் விழுந்த பிறகும் உருளை சுழன்றுகொண்டே இருந்தால் நரம்பு பொங்கி வழிந்து குருவிக்கூடு கட்டிவிடும். கட்டை விரலால் சரியான நேரத்தில் அமுக்கிப் பிடிக்கவேண்டும். கைதேர்ந்தவர்கள் கையில் அது வீணை. கனமான இரையைச் சொன்ன இடத்தில் போடும். ஆனால், முதல் பாடமே வீணையிலா?

இரண்டாவது, ‘ஸ்பின்னிங்’ ரீல். உருளை அசையாது, நரம்பு மட்டும் வளையம் வளையமாகக் கழன்று போகும். லேசான பொம்மையையும் எறியலாம். புதுசாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான்.

மூன்றாவது, மூடி போட்ட ‘ஸ்பின்காஸ்ட்’. பொத்தானை அமுக்கி விட்டால் போதும், இன்னும் சின்னக் குழந்தைகள்கூட எறியலாம். இதைப் பிரபலமாக்கிய கதை தமாஷானது. ஆர்.டி.ஹல் என்ற கடிகார ரிப்பேர்க்காரர் இந்த யோசனையோடு போய் நின்றது, ஓக்லஹோமாவில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்கு வெடி தயாரித்த கம்பெனியில்! ‘ஜீரோ அவர் பாம்ப் கம்பெனி’ என்று பெயர். 1949-ல் ரீல் வந்தது. ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு ஒரு ரீலைப் பார்சல் அனுப்ப, பெட்டி மேலிருந்த ‘பாம்ப்’ என்ற பெயரைப் பார்த்துப் பாதுகாப்பு ஆசாமிகள் அதைத் தண்ணீரில் முக்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். அப்புறம் கம்பெனி பெயரையே ‘ஜெப்கோ’ என்று சுருக்கிவிட்டார்கள்.

நாங்கள் ஆறு அடி மீடியம் கம்பும் ஸ்பின்னிங் ரீலும் சேர்ந்த செட் ஒன்று வாங்கினோம். அறுபது டாலர் சொச்சம். நரம்பு, எட்டு பவுண்டு நைலான். கொஞ்சம் இழுபடும் என்பதால் அவசரப்படுகிறவர்களை மன்னிக்கும். பின்னல் நரம்பு மெல்லிசு, ஆனால் இழுபடவே இழுபடாது. ஃபுளோரோகார்பன் தண்ணீருக்குள் லேசில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் கை பழகின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் பெரியவர்.

ரீலில் இருக்கும் ‘டிராக்’ திருகையும் பேரனுக்குக் காட்டிக் கொடுத்தார். மீன் முரண்டு பிடித்தால் நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அதுதான். நரம்பின் பலத்தில் கால் பங்கு இழுப்புக்கே கழலும்படி வைத்தால் நிம்மதி.

பொம்மை: யாரைப் பிடிக்க?

இனிமேல்தான் பட்டுப்புடவை செக்ஷன். பேரன் கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் போட ஆரம்பித்தான். முப்பது பொம்மை! பெரியவர் காதோடு சொன்னார்: “இதுல பாதிக் கலர் மீனைப் பிடிக்க இல்லை சார், உங்களைப் பிடிக்க!”

பொய் இரையில் முக்கியமானது ஐந்து குடும்பம். பிளாஸ்டிக் புழு; முழுகி நெளிந்து ஓடும் ‘கிராங்க்பெய்ட்’; தகடு சுழலும் ‘ஸ்பின்னர்பெய்ட்’; ஈயத் தலையில் குஞ்சம் வைத்த ‘ஜிக்’; தண்ணீர் மேலேயே தத்தும் தவளை வகையறா. ‘பாசிக்கு மேலே தவளை, பாசி ஓரம் தகடு, பாறைப் பக்கம் ஜிக், திறந்த தண்ணீரில் கிராங்க்பெய்ட், ஒன்றும் கொத்தவில்லையா, புழு!’ இதுதான் பெரியவர் சொன்ன சூத்திரம். தெளிந்த தண்ணீரில் இயற்கையான நிறம். கலங்கலில் கறுப்பு அல்லது அடிக்கும் நிறம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் மெதுவாக இழுக்கவேண்டும். மீனும் சோம்பலாக இருக்கும்.

புழுவின் பூர்வீகம் ஒரு சமையலறை! 1949-ல் ஓஹியோவின் ஆக்ரன் நகரத்தில் நிக் கிரீம் என்பவர் வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி வார்த்தது அது. ஃபின்லாந்துக்காரரான லாரி ராப்பலா 1936-ல் முதல் பொம்மையைச் செய்தபோது காசே இல்லை. கார்க்கைச் செதுக்கி, சாக்லெட் சுற்றிய ஜிகினாத் தாளை ஒட்டி, பழைய ஃபிலிமை உருக்கிப் பூசினார். பெரிய மீன்கள் கூட்டத்தில் தள்ளாடுகிற குட்டியைத்தான் பிடிக்கின்றன என்று அவர் கவனித்திருந்தார். அதனால் அவருடைய பொம்மையும் தள்ளாடியே நீந்தியது. 1962-ல் ‘லைஃப்’ பத்திரிகையில் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. அந்த இதழின் அட்டையில், அப்போதுதான் இறந்திருந்த மர்லின் மன்றோ. இதழ் பறந்தது, கூடவே பொம்மையும்!

“கடைசியா ஒண்ணு” என்றார் பெரியவர். “1932 ஜூன் 2. ஜார்ஜியா மாநிலம், மாண்ட்கோமரி ஏரி. மழையால உழவு இல்லைன்னு ஜார்ஜ் பெர்ரிங்கிற இளம் விவசாயி, சிநேகிதனோட மீன் பிடிக்கப் போனார். பிடிச்சது 22 பவுண்டு 4 அவுன்ஸ்!”

பத்து கிலோ! அது உலக சாதனை. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் ஒரு அவுன்ஸ் அளவுக்கு அதிகம்தான். ஆனால், பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதல் வேண்டும் என்பது விதி. அதனால் இருவரும் சமம்.

“பெர்ரிகிட்டே எத்தனை பொம்மை இருந்துச்சு தெரியுமா? ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு. மாத்தி மாத்தி எறிஞ்சாங்க. அந்த மீனையும் வீட்டுல சமைச்சுச் சாப்பிட்டுட்டாங்க!”

பேரன் யோசித்தான். கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். மிச்சம் மூன்று: புழுப் பொட்டலம், ஒரு கிராங்க்பெய்ட், ஒரு தவளை.

ஏரிக்கரையில்...

மூன்று நாள் பின்கட்டுப் புல்வெளியில் முள் இல்லாத எடையைக் கட்டி எறிந்து பழக்கினேன். வாளிதான் குறி. மூன்றாம் நாள் வாளிக்குள் ‘டங்’கென்று விழுந்தது. பையன் ஃபோனைத் தேடவில்லை!

சனிக்கிழமை விடியற்காலை மாநிலப் பூங்கா ஏரி. டெக்ஸாஸில் பெரியவர்கள் மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டும். 17 வயசுக்குக் கீழே வேண்டாம். மாநிலப் பூங்காவுக்குள் பிடித்தால் பெரியவர்களுக்கும் வேண்டாம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி கட்டாயம். முள் பறக்கிற இடமாயிற்றே!

தவளையைப் போட்டோம். ஊஹூம். கிராங்க்பெய்ட், இரண்டாவது எறியிலேயே மரக்கிளைக்கு நைவேத்தியம். பையன் முகம் வாடியது. “எனக்கு...” என்று ஆரம்பித்தான்.

“புழுவைக் கட்டுடா!” என்றேன். சின்ன ஈயக்குண்டு, அதன் கீழே முள். முள்ளின் முனையைப் புழுவுக்குள்ளேயே மறைத்துவிட்டால் பாசியில் மாட்டாது. ‘டெக்ஸாஸ் ரிக்’ என்று இதற்கு ஊர்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். எறிந்து, அடியில் இறங்கவிட்டு, நத்தை மாதிரி இழுத்தான்.

டக்... டக்.

“இழு!” என்று கத்தினேன். கம்பு வளைந்தது. ரீல் ‘கிர்ர்ர்’ரென்று கத்தியது. நடுங்கிக்கொண்டே சுற்றினான் பையன்.

“வருது தாத்தா... எனக்கு வருது!”

எனக்குக் கண் மறைத்தது. ஏரிக் காற்று என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

பச்சையும் வெள்ளியுமாக ஒரு பாஸ். என் மனசில் புளி கரைத்தாயிற்று, தேங்காயும் அரைத்தாயிற்று. பேரன் அளவுகோலை வைத்தான். பன்னிரண்டு அங்குலம். பொதுவாக டெக்ஸாஸ் ஏரிகளில் பதினாலு அங்குலத்துக்குக் குறைந்த லார்ஜ்மவுத்தை எடுத்துப் போகக்கூடாது. கையை நனைத்துக்கொண்டு, கீழ் உதட்டைக் கட்டை விரலால் பிடித்துத் தண்ணீரில் விட்டான். ஒரு வால் வீச்சு. என் குழம்பு போயே போச்சு!

ஊர் திரும்பிவிட்டேன். போன வாரம் பேரனிடமிருந்து ஃபோன். நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறானாம்.

இங்கே சாயங்காலம் பார்க்கில் ரிடையர்டு நண்பர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அந்த மீன் பதினெட்டு அங்குலம் ஆகிவிடுகிறது. அதனாலென்ன? அறுபது டாலர் கொடுத்து ரீல் வாங்கினவன், கொஞ்சம் ரீல் விடக்கூடாதா!