வீட்டின் விலை வேறு, கட்டும் செலவு வேறு

கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியில்லாமல் இயங்கிய செங்கல் சூளைகள் 2021இல் மூடப்பட்டன. சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை என ஐந்து ஊராட்சிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள். செம்மண்ணைத் தோண்டித் தோண்டி ஓடைகளும் யானை நடக்கும் வழிகளும் சிதைந்திருந்த நிலையில், அந்த மண்ணுக்கு அது தேவையான முடிவுதான். ஆனால் பக்கத்திலேயே கிடைத்த செங்கல் அதன்பின் தொலைவிலிருந்து லாரி ஏறி வர வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது முடிந்த கையோடு எம்-சாண்ட் விலை ஏறியது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

இப்படி ஏறியும் இறங்கியும் கிடக்கும் விலைகளுக்கு நடுவே, காரமடையில் பத்து வருடத்துக்கு முன் கட்டிய ஒரு வீட்டை இன்று அதே அளவில், அதே தரத்தில் திரும்பக் கட்ட என்ன ஆகும்? வீட்டுக் காப்பீடு எடுப்பவர் சொல்ல வேண்டிய தொகை இதுதான். பெரும்பாலோர் சொல்வதோ வேறு.

மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி வீடு வைத்திருப்பவரிடம் மதிப்பு கேட்டால், சென்ட் என்ன விலை போகிறது என்பதில்தான் பேச்சு தொடங்கும். அந்த விலையில் பெரும்பங்கு இடத்துக்கு உரியது. தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் இடம் அங்கேயேதான் இருக்கும். காப்பீடு கட்டடத்துக்கு மட்டும். இடத்தையும் சேர்த்து மதிப்புச் சொன்னால் வீணாகப் பிரீமியம் கட்ட நேரும். இன்னொரு பக்கம், வங்கியில் வீட்டுக்கடன் வாங்கும்போது கூடவே போட்ட பாலிசியைப் பலர் எடுத்துப் பார்ப்பதே இல்லை. அதில் இருப்பது கடன் தொகைதானா, கட்டடத்தின் முழு மதிப்பா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கடன் தொகை வங்கிக்குப் போதும், வீட்டுக்காரருக்குப் போதாது.

சூளைகள் மூடப்பட்ட அதே 2021இல், ஏப்ரல் 1 முதல், 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்றாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. அதில் கணக்கு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது: கார்ப்பெட் ஏரியாவைச் சதுர மீட்டரில் எடுத்து, பாலிசி தொடங்கும் நாளில் நிலவும் கட்டுமான விலையால் பெருக்க வேண்டும். அந்த விலையைச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். நிறுவனம் ஏற்றுக்கொண்டு பாலிசிப் பத்திரத்தில் பதியும்.

சறுக்கல் இங்கேதான் நடக்கிறது. நம் ஊரில் கொத்தனாரும் இன்ஜினியரும் "சதுர அடிக்கு இவ்வளவுங்க" என்று சொல்வது பொதுவாகச் சுவரையும் சேர்த்து அளக்கும் பிளிந்த் ஏரியாவுக்கு. கார்ப்பெட் ஏரியாவிலோ வெளிச்சுவர் சேராது; பால்கனி, வராண்டா, மொட்டை மாடி போன்றவற்றின் பரப்பில் கால் பங்குதான் கணக்கில் வரும். 1,200 சதுர அடி பிளிந்த் ஏரியா உள்ள வீடு, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்ட ஆகும் செலவு 30 லட்சம். அந்த வீட்டின் கார்ப்பெட் ஏரியா 960 சதுர அடி என்றால், அதே 2,500ஆல் பெருக்கும்போது வருவது 24 லட்சம். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் ஆறு லட்சம் காணாமல் போய்விட்டது. சரியான வழி, முதலில் மொத்தச் செலவைக் கண்டுபிடித்து அதைக் கார்ப்பெட் ஏரியாவால் வகுப்பது. 960 சதுர அடி என்பது சுமார் 89 சதுர மீட்டர். அப்படியானால் பத்திரத்தில் ஏற வேண்டிய விலை, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 33,600 ரூபாய்.

காம்பவுண்டு சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் பேனல், கார் நிறுத்தும் ஷெட் ஆகியவற்றையும் மறந்துவிடக்கூடாது. தோட்டத்துச் சாளைகளில் இவற்றின் செலவே சில லட்சம் வரும். பழைய தொட்டிக்கட்டு வீடு என்றால் கணக்கு இன்னும் கடினம். மர உத்தரமும் மங்களூர் ஓடும் சுண்ணாம்புப் பூச்சும் சதுர அடிக் கணக்கில் அடங்காது. அந்த வேலை தெரிந்த தச்சரிடமும் கொத்தனாரிடமும் தனியாகக் கேட்டுத்தான் எழுத வேண்டும். இடிபாட்டை ஜேசிபி வைத்து அள்ளவும் செலவுண்டு. அதற்கு இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரையிலும், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையிலும் இந்தப் பாலிசியே தருகிறது.

முன்பெல்லாம் மதிப்பைக் குறைத்துக் காட்டியவருக்குச் சின்னச் சேதத்திலும் அடி விழும். 30 லட்சம் வீட்டை 15 லட்சத்துக்குக் காட்டியிருந்து, சமையலறை எரிந்து 4 லட்சம் நஷ்டமானால், கைக்கு வருவது 2 லட்சம். புதிய பாலிசி இந்த விகிதக் கழிவை எடுத்துவிட்டது. வீட்டுக்காரர்களுக்குப் பெரிய நன்மை இது. ஆனாலும் வீடு முழுதாகப் போய்விட்டால் பத்திரத்தில் உள்ள தொகைக்கு மேல் வராது.

முழுதாகப் போகுமா என்று கேட்பவர்கள் இந்தப் பகுதியின் வரலாற்றைப் பார்க்கலாம். 1900 பிப்ரவரி 8 அன்று கோவையை உலுக்கிய நிலநடுக்கம் ரிக்டர் அளவில் ஏறக்குறைய 6. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் உயரமான காம்பவுண்டு சுவர் ஒன்று ஓட்டு வீடுகள்மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். அந்த உயிர்களுக்கு எந்தத் தொகையும் ஈடில்லை. பாலிசியில் நிலநடுக்கம், வெள்ளம், நிலச்சரிவு இவற்றோடு, வெளியிலிருந்து சுவரோ மரமோ வந்து விழும் சேதமும் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோவில் 2021 டிசம்பர் 30 அன்று பரவிய 'மார்ஷல்' என்ற காட்டுத்தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. காப்பீடு இருந்தும் அதில் இருந்த தொகை திரும்பக் கட்டப் போதவில்லை என்று அறிந்த குடும்பங்கள் ஏராளம். ஒரே ஊரில் ஒரே நேரத்தில் எல்லாரும் கட்டத் தொடங்கினால் கூலியும் ஏறும், பொருளும் ஏறும்.

பல ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்கும் பாலிசியில் காப்பீட்டுத் தொகை வருடத்துக்கு 10 சதவீதம் தானாக உயரும். தொடக்கத் தொகை தவறாக இருந்தால் அந்த உயர்வும் தவறின்மேல்தான் ஏறும். ஆகவே புதுப்பிக்கும் தேதிக்கு முன், உள்ளூரில் இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் இன்ஜினியர் ஒருவரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். எந்த ஏரியாவுக்கு எந்த விலை என்பதை அவர் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்குங்கள். மாடி எடுத்திருந்தாலோ தரையை மாற்றியிருந்தாலோ நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அந்தத் தாளின் நகலும் பாலிசியும் வீட்டு பீரோவில் மட்டும் இருக்க வேண்டாம். மகனிடமோ மகளிடமோ கைப்பேசியில் ஒரு படமாவது இருக்கட்டும்.