மனநல மாத்திரையால் எடை கூடுதா? நிறுத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கரையான்சாவடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி முடித்த மகளுக்கு, யாருமே இல்லாதபோதும் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. தூக்கம் போனது. வீட்டில் இருப்பவர்கள் மீதே சந்தேகம் வந்தது. மனநல மருத்துவரிடம் காட்டி, மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் குரல்கள் அடங்கின. மகள் மறுபடியும் சிரித்தாள். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால், ஆறே மாதத்தில் அவளுடைய பழைய சுடிதார் ஒன்றுகூடச் சேரவில்லை. எடை 10 கிலோ கூடிவிட்டது. ஆவடி ரோட்டில் காய்கறி வாங்கப் போனால், "என்னடி இப்படி ஊதிட்டே? அம்மா சமையல் நல்லா ஒத்துக்குது போல!" என்கிறார்கள் தெரிந்தவர்கள். மாத்திரைதான் காரணம் என்று அவர்களிடம் சொல்லவும் முடியாது. ஒருநாள் இரவு, யாருக்கும் தெரியாமல் மாத்திரையைக் குப்பைக்கூடையில் போடுகிறாள்.

வீடு கற்பனைதான். ஆனால், இந்தக் கதை மனநல மருத்துவர்களுக்குப் பழகிய கதை.

சோம்பேறித்தனம் இல்லை, மருந்தின் விளைவு

மனச்சிதைவு, பைபோலார் போன்ற பாதிப்புகளுக்குத் தரப்படும் மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைக் கட்டுப்படுத்துகின்றன. அதனால்தான் குரல்களும் சந்தேகங்களும் குறைகின்றன. இவற்றில் பல மருந்துகள் ஹிஸ்டமின், செரட்டோனின் ஆகியவை வேலை செய்யும் இடங்களையும் தடுக்கின்றன. அதனால் பசி கூடுகிறது, 'வயிறு நிறைந்துவிட்டது' என்ற உணர்வு தாமதமாக வருகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசிப்பது இதனால்தான். தூக்கக் கலக்கத்தால் நடமாட்டமும் குறைகிறது.

எல்லா மருந்துகளும் ஒரே அளவில் எடையைக் கூட்டுவதில்லை. க்ளோசபின், ஓலன்சபின் ஆகிய இரண்டும்தான் அதிகம் கூட்டுபவை. ரிஸ்பெரிடோன், க்வெட்டியபின் நடுத்தரம். அரிபிப்ரசோல், லுராசிடோன் போன்றவற்றில் பொதுவாகக் குறைவு. ஆளுக்கு ஆளும் இது மாறும்.

அமெரிக்காவில் சுமார் 1,500 பேரிடம் நடத்தப்பட்டு 2005-ல் வெளியான 'கேட்டி' ஆய்வில், ஓலன்சபின் எடுத்தவர்களில் 30 சதவிகிதம் பேருக்கு உடல் எடை 7 சதவிகிதத்துக்கும் மேல் கூடியது. 60 கிலோ இருப்பவருக்கு அது 4 கிலோவுக்கும் அதிகம். அதே ஆய்வில், பாதியில் குறைவாகக் கைவிடப்பட்ட மருந்தும் ஓலன்சபின்தான். அதாவது, எடையைக் கூட்டும் மருந்தே சிலருக்கு நன்றாகக் கேட்கும் மருந்தாகவும் இருக்கிறது. சிக்கலே அங்குதான்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

நிறுத்திய மறுநாளே பலருக்கு எதுவும் ஆகாது. 'அதான் நல்லாத்தானே இருக்கேன்' என்று தோன்றும். ஆபத்து பிறகுதான் வருகிறது. முதல்முறை பாதிக்கப்பட்டு குணமானவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கிட்டத்தட்ட 5 மடங்கு அதிகமாக இருந்தது. நோய் திரும்பினால் படிப்பு, வேலை, உறவு எல்லாவற்றையும் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அதற்காக எடையைக் கண்டுகொள்ளாமலும் விட முடியாது. தீவிர மனநல பாதிப்பு உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு இதயநோய், சர்க்கரைநோய் போன்ற உடல் நோய்களும் முக்கியக் காரணம்.

முதல் நாளிலேயே எடை பாருங்கள்

எடை வேகமாக ஏறுவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். அதனால், மருந்து தொடங்கும் அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2004-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 4, 8, 12-வது வாரங்களிலும், பிறகு 3 மாதங்களுக்கு ஒருமுறையும் எடை பார்க்க வேண்டும். சர்க்கரையையும் கொழுப்பையும் 12-வது வாரத்தில் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். எடை 5 சதவிகிதம் கூடினாலே மருத்துவரிடம் பேசுவது நல்லது.

இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. டெய்லர் டேப் இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* "எடையைக் குறைவாகக் கூட்டும் வேறு மருந்துக்கு மாற முடியுமா?" மாற்றுவதாக இருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும்.
* "இப்போதைய அளவு அவசியமா, குறைக்க முடியுமா?"
* "மெட்ஃபார்மின் எனக்குப் பொருந்துமா?" சர்க்கரைநோய் மருந்தான இதை, எடை கூடுவதைக் கட்டுப்படுத்தவும் மருத்துவர்கள் சிலருக்குத் தருகிறார்கள். நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

வேறு மருந்துகள் பலன் தராதபோது கொடுக்கப்படுவது க்ளோசபின். அதை எடுப்பவர்களுக்கு மாற்றுவது எளிதல்ல. அவர்களுக்குப் பரிசோதனையும் உணவுக் கவனமும் இன்னும் முக்கியம்.

கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். சிகிச்சையைப் பற்றியும் அதன் பக்கவிளைவுகளைப் பற்றியும் தெரிந்துகொள்வது, 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை.

வீட்டில் என்ன செய்யலாம்?

மருந்தால் வரும் பசியை 'வாயைக் கட்டு' என்று அதட்டி அடக்க முடியாது. அதனால் கைக்கு எட்டுவதை மாற்றுங்கள். பிஸ்கட், மிக்சர் டப்பாக்கள் இருக்கும் இடத்தில் சுண்டல், வெள்ளரி, மோர், கொய்யா இருக்கட்டும். கூல்டிரிங்ஸையும், ஒரு நாளைக்கு நாலைந்து முறை குடிக்கும் சர்க்கரை போட்ட டீயையும் குறைப்பதே பெரிய மாற்றம். தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும். 'நீ போய் நட' என்று அனுப்பாமல், சாயங்காலம் வீட்டில் ஒருவர் கூடவே அரை மணி நேரம் நடங்கள்.

முக்கியமாக, கேலி வேண்டாம். 'குண்டாயிட்டே' என்று விளையாட்டாகச் சொல்லும் ஒரு வார்த்தையே மாத்திரையைக் குப்பைக்கு அனுப்பிவிடலாம்.

எங்கே போகலாம்?

1794-ல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிகள் பிரிவு உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு, மனச்சிதைவு பாதிப்புக்கென்றே சென்னையில் இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் எந்த நாளில் வருகிறார்கள் என்று பக்கத்து அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். போனில் பேச வேண்டும் என்றால், 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

சரி, அந்தக் கரையான்சாவடி வீட்டில் அம்மா குப்பைக்கூடையில் மாத்திரையைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? திட்ட வேண்டாம். "எடை கூடுதுன்னுதானே போட்டே? தப்பு உன் மேல இல்லம்மா. நாளைக்கே டாக்டர்கிட்ட போய் இதைச் சொல்லுவோம், வா" என்று சொன்னால் போதும்.