சேப்பாக்கத்தில் வழிகாட்டிப் பலகை எங்கே நிற்க வேண்டும்?

சேப்பாக்கம் அரண்மனை 1768-இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்டது. கலச மஹால், ஹுமாயூன் மஹால் என இரண்டு பகுதிகள். ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், இரண்டுக்கும் நடுவே கோபுரம் எழுப்பினார் ராபர்ட் சிஸ்ஹோம். 2012 ஜனவரி தீ விபத்தில் சிதைந்த கலச மஹாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கே நடக்கிறது. அதே வளாகத்தில் பிற்காலக் கட்டடமான எழிலகம். வருவாய் நிர்வாக ஆணையரகம் போன்ற அலுவலகங்கள் அதில் இருக்கின்றன.

ஆட்டோக்காரருக்கு எழிலகம் தெரியும். கையில் நோட்டீஸுடன் வெளியூரிலிருந்து வருபவர் தேடுவதோ கலச மஹாலை. இப்படிப்பட்ட வளாகத்தில் பலகை வைப்பது பெயின்டர் வேலை மட்டுமல்ல, கட்டட வடிவமைப்பின் ஒரு பகுதி.

முதல் சிக்கல் சுவர். பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் டிரில்லிங் மெஷினைத் தாங்காது. துளை வழியே மழைநீர் இறங்கினால் பூச்சு உப்பிக்கொண்டு பெயரும். அதனால் தனிக்காலில் நிற்கும் பலகையே நல்லது. சுவரில் மாட்டியே தீர வேண்டுமென்றால் செங்கல்லைத் தொடாமல், இடையிலுள்ள காரையில் மட்டும் ஆணி இறங்கலாம். நாளை கழற்றினாலும் எளிதில் பூசிவிடலாம்.

அடுத்தது இடம். வாசலில் ஐம்பது பெயர்களை அடுக்கிய பலகை யார் நினைவிலும் நிற்காது. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று பெயர்களும் ஓர் அம்புக்குறியும் போதும். கோபுரமே நல்ல அடையாளம். ‘கோபுரத்துக்கு இந்தப் பக்கம்’ என்றால் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் திசை புரிந்துவிடும்.

எழுத்தில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். பத்து மீட்டர் தள்ளி நின்று படிக்க எழுத்து நான்கு சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். சிறிதானால் புள்ளி கரைந்து ‘ம்’ வெறும் ‘ம’ ஆகிவிடும்; ‘லி’, ‘லீ’ வித்தியாசம் தெரியாது. ஆங்கில அளவில் பலகையைச் செய்துவிட்டுத் தமிழை அதற்குள் நசுக்குவதை நிறுத்த வேண்டும். கடைப் பலகைகளில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. அரசு வளாகமும் அதையே பின்பற்றட்டும். பார்வையற்றோருக்குக் கை எட்டும் உயரத்தில் பிரெய்ல் எழுத்தும், சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் இருக்கும் திசையும் அவசியம்.

பாரம்பரியக் கட்டடத்தைப் புதுப்பிக்க எஸ்டிமேட் போடும்போதே, வழிகாட்டிப் பலகைகளுக்கும் பொதுப்பணித் துறை தனியாக ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.