செலுத்தியின் வேகமும் தொகுப்பியின் தெரிவுகளும்

ஒரு வலையமைப்பு அட்டையின் செலுத்தி செக்கனுக்கு இத்தனை மில்லியன் பொதிகளைக் கையாளும் என்று அறிக்கைகள் கூறும்பொழுது, அவ்வெண் அச்செலுத்திக்கே இயல்பாயமைந்த குணம் போலத் தோன்றுகிறது. சமூக உறவிலே பிறக்கும் பெறுமதி, பண்டத்தின் இயற்கைக் குணமாகத் தோற்றங்கொள்ளும் மயக்கத்தை அரசியற் பொருளாதாரம் பயின்றோர் அறிவர். இங்கும் அதனையொத்த மயக்கமே செயற்படுகிறது. செலுத்தி என்பது மனிதர் எழுதிய மூலநிரல். முறைவழியாக்கி நிறைவேற்றுவதோ, கொம்பைலர் எனப்படும் தொகுப்பி அம்மூலத்திலிருந்து ஆக்கித்தரும் பொறிமொழி. எத்தெரிவுகளுடன் தொகுக்கப்பட்டது என்று கூறாது வேகத்தை மட்டும் கூறுவது, எந்த ஏட்டின் பாடம் என்று கூறாது செய்யுளைப் பதிப்பிப்பதை ஒத்தது. அத்தகைய பதிப்பாசிரியரை நாம் ஏற்பதில்லை.

பிரச்சினையின் அளவை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். செக்கனுக்கு 10 கிகாபிற் செல்லும் ஈதர்நெற் இணைப்பிலே மிகச் சிறிய சட்டகம் 64 பைற் ஆகும். அதற்கு முன்வரும் அடையாளமும் பின்வரும் இடைவெளியும் சேர 84 பைற். அதாவது 672 பிற். ஆகவே செக்கனுக்கு ஏறத்தாழ 148.8 இலட்சம் பொதிகள் வரக்கூடும். ஒரு பொதிக்குக் கிடைக்கும் அவகாசம் 67.2 நனோசெக்கன். 3 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் முறைவழியாக்கிக்கு இது ஏறத்தாழ 200 சுற்றுகள். இணைப்பு 100 கிகாபிற் ஆயின் 20 சுற்றுகளே எஞ்சும்.

தொகுப்பியின் தெரிவு என்றதும் பலர் நினைப்பது ஓ2, ஓ3 எனப்படும் உகப்பாக்க மட்டங்களையே. லினக்ஸ் கேர்னல் வழக்கமாக ஓ2 மட்டத்திலேயே தொகுக்கப்படுகிறது. அளவைச் சுருக்கும் தெரிவும் உண்டு. செலுத்தியின் நேரத்திற் பெரும்பகுதி நினைவகத்திலிருந்து தரவு வரும்வரை காத்திருப்பதிலே கழிவதால், இம்மட்டங்களை மாற்றுவதாற் கிட்டும் பயன் பெரும்பாலும் எதிர்பார்ப்பிலும் குறைவே. வழுத்தேடும் தெரிவுகளை முடுக்கிவிட்டுத் தொகுத்த கேர்னலிலே வேகத்தை அளப்பது வீண்வேலை என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கேர்னலின் வலையமைப்புப் பகுதி எந்த அட்டையுடனும் இயங்குதல் வேண்டும். எனவே அது செலுத்தியின் சார்புகளைப் பெயரால் அழையாது, அவற்றின் முகவரி வைக்கப்பட்டுள்ள இடத்தைப் பார்த்து மறைமுகமாக அழைக்கிறது. முகவரி வரும்வரை காத்திராமல், செல்லவேண்டிய இடத்தை ஊகித்து முன்கூட்டியே செயற்படுவது நவீன முறைவழியாக்கிகளின் வழக்கம். இவ்வூகத்தைத் தவறான திசையில் நடத்தி, பிறர் நினைவகத்திலுள்ள இரகசியங்களை அறியலாம் என்பது 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பெயரில் வெளிப்பட்டது. வன்பொருளின் இக்குறைபாட்டுக்குக் கூகிள் பொறியியலாளர் முன்வைத்த பரிகாரமே ரெட்போலின். மறைமுக அழைப்பு ஒவ்வொன்றையும், திரும்புதல் கட்டளையைப் பயன்படுத்தும் ஒரு சிறு பொறியாகத் தொகுப்பி மாற்றி எழுதும். முறைவழியாக்கியின் ஊகம் பயனற்ற ஒரு வட்டத்துள் சிறைப்படும்.

செலுத்தியின் மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது தொகுப்புத் தெரிவு. ஆயினும் எக்ஸ்.டி.பி. எனும் அதிவேகப் பொதிவழியிலே நிகழ்ந்த அளவீடுகளில் வேகம் ஏறத்தாழ அரைவாசியாக வீழ்ந்தது. காரணம் எளிது. ஓர் அழைப்புக்கு 30 சுற்றுகள் மேலதிகமாகும் எனக் கொள்வோம். பொதியொன்று நான்கு மறைமுக அழைப்புகளைக் கடந்தால் 120 சுற்றுகள் போயின. இருந்தவை 200 மட்டுமே.

கேர்னலை எழுதுவோர் இதன் பின்னர் மேற்கொண்ட உழைப்பு தனித்து நோக்கத்தக்கது. 2019 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.0 இலே, நினைவக இணைப்புக்கான பொதுவான வழி நேரடி அழைப்பாக்கப்பட்டது. வேறு சில இடங்களில், பெரிதும் எதிர்பார்க்கப்படும் சார்பின் முகவரியோடு ஒப்பிட்டு, ஒத்திருப்பின் நேரடியாக அழைக்கும் உபாயம் புகுத்தப்பட்டது. ஆனால் அவ்வடிவிலே, இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்புச் சார்புகள் கேர்னலுடன் ஒன்றாகத் தொகுக்கப்பட்டிருந்தாலன்றி இவ்வுபாயம் அவற்றுக்குப் பயன்படவில்லை. தனிக்கூறாக ஏற்றப்படுமாயின் பழைய வழியே. ஒன்றாகத் தொகுப்பதா, தனிக்கூறாக்குவதா என்பது வெறும் நிருவாக வசதி என்று எண்ணியிருந்தோர்க்கு இது ஒரு பாடம். 2020 டிசெம்பரில் வெளியான 5.10 இலே, ஓடும் நிரலைத் திருத்தி அழைப்பை நேரடியாக்கும் பொறிமுறையும் சேர்ந்தது.

ரெட்போலின் தேவையற்ற சுமை என்று கூறுவது எமது நோக்கமன்று. ஒரே முறைவழியாக்கியை ஒருவரையொருவர் அறியாத பல வாடிக்கையாளருக்கு வாடகைக்கு விடும் தொழிலிலே அது இன்றியமையாதது. ஆனால் பிறர் நிரல் எதனையும் ஓடவிடாது, பொதிகளை மட்டும் வழிப்படுத்தும் ஒரு சிறு கல்லூரியின் கணினியும் அதே விலையைச் செலுத்த நேர்ந்தது. பெருநிறுவனங்கள் தமக்கேற்பக் கேர்னலைத் தாமே தொகுத்துக்கொள்ளும் ஆளணியை உடையன. ஏனையோர் பிறர் தொகுத்து வழங்கியதைப் பெற்றுக்கொள்வோர்; தெரிவு நிகழ்ந்ததையே அறியார். வேகப்போட்டியில் வன்பொருள் உற்பத்தியாளர் ஈட்டியது ஒருபுறம். அதன் குறைபாட்டைச் சீர்செய்யும் உழைப்பும் இழந்த சுற்றுகளும் மறுபுறம். இவை ஒரே கணக்கேட்டில் எழுதப்படுவதில்லை. தொடக்கத்திலேயே காப்புகளை நீக்க ஒரே சொல்லில் இடமளிக்கும் தெரிவு 2019 இலே வந்தது உண்மையே. அதனைப் பயன்படுத்தும் துணிவுக்கும் தன் கணினியில் எது ஓடுகிறது என்ற அறிவு வேண்டும்.

தொகுப்புத் தெரிவு மட்டுமே அனைத்தையும் நிருணயிப்பதுமன்று. பிற்கால முறைவழியாக்கிகள் சிலவற்றில் வன்பொருளே காப்பை வழங்குவதால், கேர்னல் தொடங்கும்போது ரெட்போலினை விலக்கி வேறு வழியைத் தெரிவுசெய்கிறது; ஆகவே ஒரே பொறிமொழிக் கோப்பு இரு கணினிகளில் இருவிதமாக ஓடும். 2022 இலே ரெட்பிளீட் எனும் குறைபாடு, ரெட்போலின் நம்பியிருந்த திரும்புதல் கட்டளையையே சில முறைவழியாக்கிகளில் ஐயத்துக்குள்ளாக்கியது. எனவே அளவீட்டை வெளியிடுவோர் தொகுப்பியின் பதிப்பு, கேர்னலின் அமைப்புக் கோவை, முறைவழியாக்கியின் வகை, பொதியின் அளவு, நடைமுறையிலிருந்த காப்பு ஆகியவற்றை உடன் குறித்தல் வேண்டும். நடைமுறையிலுள்ள காப்பு எது என்பதை ஓடும் லினக்ஸே கூறும். அமைப்புக் கோவையையும் அதனிடமே கேட்கலாம்; ஆயின் அக்கோவையைக் கேர்னல் தன்னுள் வைத்திருத்தல் வேண்டுமா என்பதும் தொகுத்தவரின் ஒரு தெரிவே.